ஒரே படிவத்தில் இரண்டு ‘பெறுநர்’: அட்ரெஸ்ஸி என்பதைத் தமிழில் என்ன போடுவது?

கேள்வி, ஜூன் 3

“பார்சல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். மேலே ஒரு கட்டத்தில் அட்ரெஸ்ஸி, கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் ரெசிப்பியண்ட். அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் பெறுநர். இரண்டு இடத்திலும் பெறுநர் என்றே போட்டுவிட்டால் என்ன? நான் நுவரெலியா. படிவம் தேயிலைத் தோட்டங்களுக்கும் போகும்.”

ஜூன் 3, இரவு

போடக்கூடாது. உறையின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர் அட்ரெஸ்ஸி. கையெழுத்துப் போட்டு வாங்கியது யாரோ அவர் ரெசிப்பியண்ட். கொழும்பில் இரண்டும் அநேகமாக ஒரே ஆள். தோட்டத்தில் இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அன்றைக்குத் தேங்காய் உடைக்கலாம். கரண்ட் இல்லை, ஃபோனில் தட்டுகிறேன். மிச்சம் நாளைக்கு.

ஜூன் 4, மதியம்

ஹட்டனில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புதல். ஆட்கள் கொண்டுவருகிற கடிதத்தை வாசித்து விளக்கம் சொல்வதும் அதற்குள் சேர்த்தி, அதற்குக் காசு கிடையாது. ஆகவே அகராதியை மூடி வைத்துவிட்டு மேசையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று முடிகிற சொற்கள் ஒரு குடும்பம்: எம்ப்ளொயி, ட்ரஸ்டி, பேயீ, அட்ரெஸ்ஸி. பழைய பிரெஞ்சுச் சட்டமொழி விட்டுப்போன வால் அது. பெரும்பாலும் ஒரு செயல் யார் மேல் போய் விழுகிறதோ அவரைக் குறிக்கும். (எங்கள் கோயில் ட்ரஸ்டிமார் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.) பெயரை எழுதுவது அனுப்புகிறவர், எழுதப்பட்டவர் அட்ரெஸ்ஸி. அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்தாலும் அவர்தான், இறந்துபோயிருந்தாலும் அவர்தான். ரெசிப்பியண்ட் அப்படியில்லை. லத்தீனில் வாங்குவதைச் சொல்லும் வினையில் பிறந்த சொல். கையில் வாங்கினால்தான் அந்தப் பெயர் ஒட்டும்.

இப்போது தமிழ். ‘பெறுநர்’ காலம் காட்டாத சொல். பெறப்போகிறவரா, பெற்றுவிட்டவரா, பெறவேண்டியும் பெறாமல் போனவரா, ஒன்றும் தெரியாது. உறையின் மேல் எழுத இது போதும். அங்கே குழப்பம் வர வழியில்லை. ஆனால் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது என்றாலே, இரண்டு பேர் இருக்கக்கூடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யோசனையைத் தமிழாக்கத்தில் அழித்துவிடக்கூடாது.

தனிச்சொல் தேடி அலையவும் வேண்டாம். தமிழ் வினையிலேயே காலம் இருக்கிறது. மேலே ‘சேரவேண்டியவர்’. கீழே ‘பெற்றுக்கொண்டவர்’. எங்கள் கடைக்கு வருகிற எந்த ஆயாவுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஜூன் 4, மாலை

‘முகவரியாளர்’ போடலாமே என்ற தம்பிக்கு: போடலாம், பிழையில்லை. ஆனால் வாசிக்கிறவர் அதை ‘முகவர்’ என்று வாசித்துவிடுவார். ஏஜென்சிக்காரன் என்று நினைத்து வேறு பெயரை எழுதுவார். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்புகிற முகவர்கள் இந்த ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூன் 5

‘விலாசதாரர்’ என்று இன்னொருவர். இது எனக்குப் பிடிக்கவேயில்லை. ‘தாரர்’ என்றால் அதை வைத்திருக்கிறவர்: பங்குதாரர், கடன்தாரர். விலாசதாரர் என்றால் விலாசத்தை வைத்திருக்கிறவர். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டின் ஓர் அறையில் பிறந்து அங்கேயே பேரப்பிள்ளை எடுத்தவருக்கு விலாசம் எங்கே இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், கீழே தபால் கந்தோரின் பெயர். தெருப்பெயர் கிடையாது. அனேகமான இடங்களில் கதவிலக்கமும் கிடையாது. அது தோட்டத்தின் விலாசம். ஆளின் விலாசம் இல்லை. இந்தச் சொல்லைப் போட்டால் மலையகத்தில் பாதிப் பேர் அந்தக் கட்டத்துக்குத் தகுதி இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

ஜூன் 5, இரவு

“பெரிதுபடுத்துகிறீர்கள், கடிதம் எப்படியும் வந்துசேரத்தானே செய்கிறது” என்று கேட்ட கம்பளை அக்காவுக்கு நீளமாகவே எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

என் பெரியப்பா ஒரு தோட்டத்தில் தப்பால்காரர். தபால் என்று எழுதுவோம், தோட்டத்தில் அது தப்பால்தான். சிங்களத்தில் தெபெல். மூன்றும் ஒரே சொல். அவருடைய வேலை, காலையில் தோட்டத்துப் பையை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையால் டவுனுக்கு இறங்குவது. தடித்த கன்வஸ் பை, வாயில் ஒரு பித்தளைப் பூட்டு. ஒரு சாவி தபால் கந்தோரில், இன்னொன்று தோட்டத்து ஆபீசில். சுமக்கிறவரிடம் சாவி கிடையாது. மழைக்கு ஒரு கறுப்பு றெட்டு, அதைத் தலையோடு சேர்த்துப் பைக்கும் போர்த்திக்கொள்வார். தன் மேல் மழை விழுந்தாலும் பை நனையாது. துரை பங்களாவுக்கு இறைச்சியும் பாணும் அவர் தலையில்தான் ஏறும் என்பது வேறு கதை.

பை ஆபீசுக்கு வந்ததும் கிளாக்கர் ஐயா திறப்பார். துரையின் கடிதம் ஒரு பக்கம், ஆபீஸ் கடிதம் ஒரு பக்கம், ஆட்களுடையது ஒரு கட்டு. அந்தக் கட்டு டிவிசன் வாரியாகப் பிரிந்து கணக்கப்பிள்ளை கைக்குப் போகும். பிறகு காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற பெரட்டுக் களத்திலோ, கொழுந்து நிறுக்கிற மடுவத்திலோ பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்துக் காம்பராக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் மறந்தால் முடிந்தது.

எண்ணிப்பாருங்கள். தபால் கந்தோர், தப்பால்காரர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை, பக்கத்துக் காம்பரா. இதில் ஒவ்வொருவரும் கடிதத்தைப் ‘பெற்றவர்’தான். பெயருக்குரியவர் கடைசி ஆள். வரிசை அவர் வரைக்கும் எட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெயரிலும் வில்லங்கம். ஒரே டிவிசனில் ராஜேந்திரன் மூன்று பேர் இருப்பார்கள். முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும், அப்பன்மாருக்கும் அதே ராமசாமி முருகன் பெயர்கள்தானே. ‘மேட்டு லயம்’ ராஜேந்திரன், ‘ட்ரைவர்’ ராஜேந்திரன் என்று நமக்குத் தெரியும். கொழும்பில் இருந்து கடிதம் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது பல இடங்களில் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். ஆனாலும் நிறைய இடங்களில் கட்டு இன்னும் ஆபீஸ் ஜன்னலோடு நின்றுவிடுகிறது. என் கடைக்கு ஒரு பையன் வந்தான், ஏ.எல். முடித்தவன். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் அவன் கைக்குக் கிடைக்கும்போது பரீட்சை முடிந்து நாளாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, இன்னொரு திகதி கேட்டு ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். வந்த பதில் ஒரே வரி: ‘உங்களுக்கு அனுப்பப்பட்ட அறிவித்தல் பெறப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.’ பெறப்பட்டது, உண்மைதான். பெற்றது யார் என்றுதான் அந்த வரியில் இல்லை.

அடகுக் கடிதமும் அப்படித்தான். மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்று அறிவித்தல் வரும். அது ஆபீஸ் மேசையில் கிடக்கும்போதே தோடு போய்விடும்.

ஆகவே அக்கா, வந்துசேரத்தான் செய்கிறது. யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஜூன் 6

மேலே எழுதியது கிளாக்கர்மாரைத் திட்டுவதற்கு இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கிளாக்கர் ஐயா எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டு வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிட்டுப் பதிலும் எழுதிக் கொடுப்பார். ஆளைப் பொறுத்து நடந்தது அது. ஆளைப் பொறுத்து நடக்கிறதே என்பதுதான் என் கவலை.

ஜூன் 6, மதியம்

துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர் ‘கன்சைனி’யை, அதாவது சரக்கு யார் பெயருக்கு அனுப்பப்படுகிறதோ அவரை, கொண்டுவந்து போட்டிருக்கிறார். நல்ல ஆட்டம். கப்பல் சரக்குச் சீட்டில் கன்சைனி என்று ஒரு கட்டம், ‘நோட்டிஃபை பார்ட்டி’ என்று கீழே இன்னொரு கட்டம். பணம் வங்கி மூலம் கட்டுகிற வியாபாரத்தில் கன்சைனி கட்டத்தில் வங்கியின் பெயரே வருவதுண்டு. உண்மையில் தேயிலையை வாங்குகிற கம்பெனி கீழே ‘தகவல் சொல்லவேண்டியவர்’ என்று அடக்கமாக நிற்கும். அங்கேயும் பெயருக்குரியவர் ஒருவர், பொருள் எடுக்கிறவர் ஒருவர். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றிலிருந்து கொழுந்து எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் தாள் இருக்கிறது. கொழுந்து எடுத்த ஆயாவுக்கு வருகிற கடிதத்துக்குத்தான் இல்லை.

இதைத் தமிழாக்கச் சொன்னால் கன்சைனிக்கு ‘சரக்குப் பெறுநர்’ போதும். அங்கே துறைக்காரர்கள்தான் வாசிப்பார்கள், குழம்பமாட்டார்கள்.

ஜூன் 7

காசோலை பற்றி ஒன்று தோன்றியது. காசோலை என்பது ஓலைதான், கடிதம்தான். யாருக்கு எழுதின கடிதம்? அதில் பெயர் போட்டிருக்கிற ஆளுக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. வங்கிக்கு எழுதினது. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்று வங்கிக்குச் சொல்கிற கடிதம். அட்ரெஸ்ஸி வங்கி. பேயீ, அதாவது காசைப் பெறுபவர், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிற ஆள். 1927ஆம் ஆண்டின் நமது மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தில் எழுதியவர், எழுதப்பட்ட வங்கி, பேயீ என்று மூன்று பேருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நம்முடைய படிவக்காரர்களுக்கு இரண்டு பெயர் வைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 7, இரவு

பண்டாரவளைத் தமிழாசிரியர் ஒருவர் “காசோலை உதாரணம் புதிது இல்லை, ஆலவாய் இறைவனே அப்படி எழுதியிருக்கிறார்” என்று இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். சேர், விளக்கியிருக்கலாம். பரவாயில்லை, நான் விளக்குகிறேன்.

பதினோராம் திருமுறையில் முதலாவதாக இருப்பது திருமுகப் பாசுரம். திருமுகம் என்றால் கடிதம். மதுரை ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக மரபு. ‘மதிமலி புரிசை மாடக் கூடல்’ என்று அனுப்புகிற இடம் முதலில் வருகிறது. பிறகு ‘சேரலன் காண்க’. அதற்குப் பிறகுதான் விஷயம்: யாழ் வாசிக்கிற பாணபத்திரன் உன்னைப் பார்க்க வருகிறான், ‘மாண்பொருள் கொடுத்து வரவிடுப்பதுவே’. கடிதத்தைச் சுமந்துபோனவரும் பாணபத்திரரேதான். ஆக எழுதப்பட்டவர் சேரமான், பொருளைப் பெறப்போகிறவர் கடிதம் கொண்டுபோனவர். அச்சொட்டாகக் காசோலை.

எனக்கு அதில் பிடித்தது ‘காண்க’. பெறுக என்றோ கொள்க என்றோ இல்லை. கடிதம் கைக்குப் போவதோடு நிற்காமல் கண்ணுக்குப் போகவேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘காண்பவர்’ என்று படிவத்தில் போடலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். போடமுடியாது.

ஜூன் 8

அதே சேர் திரும்பி வந்து, தொல்காப்பியச் செய்யுளியலில் ‘கேட்போர்’ என்று ஓர் உறுப்பே இருக்கிறது என்கிறார். சரிதான். கூற்று சொல்பவருடையது, கேட்போர் அதை யாருக்குச் சொல்கிறாரோ அவர். தலைவி தோழியிடம் பேசுகிறாள், வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிற்கிறான். சொல்வது தோழிக்கு, போய்ச் சேர வேண்டியது தலைவனுக்கு. அகப்பாட்டு வாசித்தவனுக்கு அட்ரெஸ்ஸியும் ரெசிப்பியண்டும் வேறுவேறு என்று புரியவைக்கத் தேவையே இல்லை.

இலக்கியத் திறனாய்வில் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் போட்ட தொடர்பு வரைபடத்தை மொழிபெயர்க்கிறவர்கள் அட்ரெஸ்ஸிக்குக் ‘கேட்போர்’ என்றே போடலாம். பார்சலுக்கு வேண்டாம். பார்சலை யாரும் கேட்பதில்லை, அது எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

ஜூன் 9

“பெறுனர் என்றுதானே எழுதவேண்டும், றகரத்துக்குப் பிறகு றன்னகரம்தானே” என்று ஒரு சண்டை கீழே ஓடுகிறது. நிறுத்துங்கள். ‘நர்’ என்பது விகுதி. இயக்குநர், ஓட்டுநர், அனுப்புநர், பெறுநர். மகிழ்நர், பொருநர் என்று பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. தந்நகரம்தான். பத்திரிகைகளில் இரண்டும் வருகிறது என்பது வாஸ்தவம். அதற்காக இரண்டும் சரி ஆகாது. முடிந்தது.

ஜூன் 9, இரவு

முடியவில்லை போல. இன்னும் சண்டை போகிறது. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

ஜூன் 11

மின்னஞ்சல் பற்றிக் கேட்ட பையனுக்கு. மின்னஞ்சலில் ஆங்கிலக்காரர்களே இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். ‘டூ’ கட்டத்தில் போடுகிற எல்லாருமே ரெசிப்பியண்ட். அனுப்புகிற நேரத்தில் ஒருவரும் பெறவில்லையே என்று யாரும் அங்கே வாதாடுவதில்லை. அதனால் தமிழ் இடைமுகத்தில் ‘பெறுநர்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் உள்ளே நடப்பது சுவாரசியம். நாம் பார்க்கிற ‘டூ’ வரியை வைத்து அஞ்சல் சேவையகம் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அது கடிதத்துக்குள்ளே இருக்கிற வரி. சேர்ப்பதற்கு வெளியே தனியாக ஒரு கட்டளை போகும். அதைத் தொழில்நுட்பக்காரர்களும் ‘உறை’ என்றே சொல்கிறார்கள். உறையில் இருக்கிற ஆள் வேறு, உள்ளே எழுதியிருக்கிற ஆள் வேறாக இருக்கலாம். பிசிசி, அதாவது மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிற நகல், வேலை செய்வது அப்படித்தான்: உறையில் பெயர் இருக்கும், கடிதத்தில் இருக்காது. இந்த நெறிமுறையை 1982இல் எழுதியவர் பெயர் ஜான் போஸ்டல். நான் இட்டுக்கட்டவில்லை, தேடிப் பாருங்கள்.

ஜூன் 11, பின்னேரம்

சட்டத்தில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பதுளை சட்டத்தரணி அம்மா ஒருவர் நல்ல குறிப்புக் கொடுத்தார். ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் மின்வணிகத்துக்கு ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. நமது 2006ஆம் ஆண்டின் மின்னியல் கொடுக்கல்வாங்கல் சட்டமும் அந்தத் தடத்தில் வந்ததுதான். மாதிரிச் சட்டத்தில் அட்ரெஸ்ஸி என்றால், செய்தியை உருவாக்கியவர் யார் பெறவேண்டும் என்று கருதினாரோ அந்த ஆள். நடுவில் நின்று கைமாற்றுகிறவர் அதில் சேரமாட்டார் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

கம்பளை அக்கா, கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் யார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

ஜூன் 12

நேற்றுச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். கடதாசித் தபாலிலும் உலகம் முழுவதும் இது யோசிக்கப்பட்டதுதான். 1874இல் தொடங்கின சர்வதேச தபால் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு. அங்கே அட்ரெஸ்ஸிக்கு ‘டெஸ்தினத்தேர்’ என்கிறார்கள், போய்ச் சேரும் இடத்துக்குரிய ஆள் என்ற மாதிரி. வெளிநாட்டுப் பதிவுத் தபாலோடு வருகிற ஒப்புகைப் படிவத்தில் அவரே கையெழுத்திடவேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்டு விதிப்படி அதிகாரம் உள்ள ஒருவர் இடவேண்டும். ஆகக் கேள்வி கேட்ட தங்கச்சியின் படிவத்தில் இரண்டு கட்டம் இருப்பது யாரோ சோம்பேறித்தனமாக ஒரே விஷயத்தை இரண்டு தரம் போட்டதில்லை.

இதைப் பார்த்தபிறகு ‘சேரவேண்டியவர்’ மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடியிருக்கிறது.

ஜூன் 14

தந்தி பற்றி ஒருவர் கேட்டார். தந்தியில் விலாசத்துக்கும் சொல்லுக்கு இத்தனை என்று காசு. அதனால்தான் பெரிய கம்பெனிகள் ஒற்றைச் சொல்லில் தந்தி விலாசம் பதிந்து வைத்திருந்தன. ஆட்களுக்கு அந்த வசதி ஏது? தோட்டத்துக்குத் தந்தி வந்தால், யாருக்கு என்று பார்ப்பதற்கு முன்னாலேயே லயம் முழுவதும் அழத் தொடங்கிவிடும். பெயரைப் பிறகுதான் பார்ப்பார்கள். அப்படி அழுதபிறகு பார்த்தால் ‘பையன் பிறந்திருக்கிறான்’ என்று இருந்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. பிறந்த பையன் நான்தான் என்பார் அப்பா. அம்மா இல்லை என்பார்.

ஜூன் 15

“இவ்வளவு பேசுகிறீர்கள், ஊட்டிப் பக்கம் போன கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே” என்று கோத்தகிரியில் இருந்து ஒருவர். அண்ணே, நீங்கள் எழுதியிருக்கவேண்டியது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த மலையக ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொள்வதற்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் நிறையப் பேர் நீலகிரிக்குப் போனார்கள், அங்கேயும் தேயிலைதான். எங்கள் சின்னம்மா குடும்பம் அதில் ஒன்று. போகும்போது எந்த ஊரில் விடுவார்கள் என்று தெரியாது. ஆகவே அங்கிருந்து முதல் கடிதம் வரும்வரை இங்கிருந்து எழுத விலாசம் இல்லை. அவர்களுக்கு எங்கள் விலாசம் தெரியும், தோட்டம் நகராதே. அந்த வான்கடிதத் தாளில் பெரியப்பா பெயர்தான் இருக்கும், அவர்தான் தப்பால்காரர், அவருக்கு எழுதினால் நேரே வந்துவிடும் என்று. உள்ளே ‘அக்காவுக்கு’ என்று தொடங்கும். அக்கா என்பது என் அம்மா. வாசித்தது நான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

இதில் பெறுநர் யார் என்று யாராவது ஒரு கட்டத்தில் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஜூன் 16

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பதில். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வாசிக்கிற பிள்ளை இருந்திருக்கிறது. கெட்ட செய்தியை வாசிக்காமல் தாண்டிவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள் போல. தலவாக்கலைத் தங்கச்சி எழுதியது சிரிப்பு: அப்பாவுக்கு வந்த கடிதத்தில் ‘பிள்ளையைக் கண்டித்து வை’ என்று மாமா எழுதியிருந்ததை ‘பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடு’ என்று வாசித்தாராம். சட்டையும் கிடைத்ததாம்.

ஜூன் 18

தங்கச்சியின் படிவத்தில் சிங்களப் பத்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தேன். தங்கச்சி படம் போட்டிருக்கிறார். இரண்டு கட்டத்திலும் ‘லபன்னா’தான், பெறுபவர். ஆகத் தமிழில் மட்டும் வந்த குழப்பம் இல்லை.

ஆனால் சிங்களத்தில் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அப்படியே போடவேண்டும் என்று மேலதிகாரி சொல்கிறாராம். இதுதான் எனக்குச் சுள்ளென்றது. நமது படிவத் தமிழில் முக்கால்வாசி இப்படித்தான் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும், 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. சட்டம் வந்தது, தமிழில் யோசித்து எழுத ஆள் வரவில்லை. சிங்களத்தில் இருந்ததைத் தமிழ் எழுத்தில் மாற்றிவைத்தார்கள். இன்றைக்கும் தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். உறையில் பெயர் சரி, கை சரி, பெற்றும் ஆயிற்று, என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியாது.

தங்கச்சி, மேலதிகாரியிடம் இப்படிக் கேளுங்கள்: பார்சல் காணாமல் போனால் எந்தக் கட்டத்தைப் பார்த்து ஆளைத் தேடுவீர்கள்? இரண்டிலும் பெறுநர் என்று இருந்தால், வாங்கிய ஆள் மேல் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டுப் போவார். பிறகு யாருக்கு அனுப்பினது என்று உங்களுக்கே தெரியாது. மொழிப்பற்று பற்றி ஒரு வார்த்தையும் பேசவேண்டாம். நட்டக் கணக்கைச் சொல்லுங்கள், உடனே காது கேட்கும்.

ஜூன் 19

ஃபோன் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்ற தம்பிக்கு: எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட் ஃபோன்தான். அது பெரும்பாலும் ஓ.எல். படிக்கிற பிள்ளை கையில். பாட்டியின் வங்கி ஓடிபி, அப்பாவின் ஈபிஎஃப் செய்தி, அம்மாவின் கிளினிக் திகதி எல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தால் வாசித்தாயிற்று என்று கொழும்பில் இருப்பவர் நினைப்பார். வாசித்தது யார்?

ஜூன் 23

தங்கச்சியிடம் இருந்து செய்தி. மேலதிகாரி ஒத்துக்கொண்டார். ஆனால் கட்டம் சின்னது, ‘சேரவேண்டியவர்’ கொள்ளாது, எழுத்தைச் சிறிதாக்கினால் வாசிக்கமுடியாது. ‘உரியவர்’ போடலாமா என்று கேட்கிறார்.

போடலாம். நல்ல சொல், குட்டையும்கூட. மேலே ‘உரியவர்’, கீழே ‘பெற்றவர்’. தனியே ‘உரியவர்’ என்று மட்டும் இருந்தால் எதற்கு உரியவர் என்ற கேள்வி வரும். பார்சல் படிவத்தில் வராது. ‘பெற்றவர்’ என்றால் தாய்தகப்பன் என்று எடுத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்பார் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. ஆகவே அதை ‘பெற்றுக்கொண்டவர்’ என்றே விடுங்கள். கையெழுத்துக் கட்டம் அகலமானதுதானே.

முடிந்தால் பக்கத்தில் இன்னும் ஒரு சின்னக் கட்டம்: ‘உரியவருக்கு என்ன முறை’. மகள், மருமகன், பக்கத்துக் காம்பரா, ஆபீஸ் என்று ஒரு சொல் எழுத இடம் இருந்தால் போதும். அத்தோடு அடையாள அட்டை இலக்கம்.

ஜூன் 23, இரவு

சொன்னேனா இல்லையா. ‘பெற்றவர்’ என்றால் தாய்தகப்பன்தானே என்று கேட்டாயிற்று. மேலே பாருங்கள் அண்ணே, பதில் அங்கேயே இருக்கிறது.

ஜூலை 2

அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாள் படம் வந்தது. ‘உரியவர்’ சரி. ‘பெற்றுக்கொண்டவர்’ சரி. முறை கட்டமும் வந்திருக்கிறது. ‘அனுப்புநர்’ மட்டும் றன்னகரத்தில் இருக்கிறது. தங்கச்சி, அதை மாற்றச் சொல்லுங்கள். ஜூன் 9ஆம் திகதிச் சண்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால்.